உடம்பில் நின்ற கரண்ட்

எங்கள் வயலுக்கு கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். வந்துவிட்டதா என்று பார்க்க அப்பாவுக்கு ஒரே வழிதான். மோட்டார் கொட்டகைக்குள் போய், பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தெரியும் செம்புத் தகட்டை நடுவிரலின் புறத்தால் ஒரு தட்டு தட்டுவார். சுருக்கென்றால் கரண்ட் வந்தாயிற்று. "உள்ளங்கையால தொட்டா இஸ்த்துக்கும், பொறங்கையால தொட்டா தள்ளி வுட்டுடும்" என்பது அவருடைய மின்சார சாஸ்திரம். டெஸ்டர் வாங்குகிறவன் அவர் கணக்கில் பயந்தாங்கொள்ளி.

எனக்கு ஒன்பது வயது. நடவு நேரத்தில் ஒரு நாள் வரப்பில் இருந்தபடியே அப்பா, "கரண்ட் வந்துகீதா பாரும்மா" என்றார். கொட்டகை வாசலில் இருந்த பல்பைத்தான் பார்க்கச் சொன்னாராம், பிற்பாடு சத்தியம் செய்தார். நான் அவருக்குப் பிறந்தவள் அல்லவா? ஈரக் காலும் ஈரப் பாவாடையுமாகப் போய், கட்டையைப் பிடுங்கி, விரலை மடக்கித் தட்டினேன்.

சாஸ்திரம் பொய்யில்லை, தள்ளித்தான் விட்டது. கொட்டகைக்கு வெளியே வாய்க்காலில் போய் விழுந்தேன். பல் கிட்டிப்போயிற்று, தோளுக்குக் கீழே கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. இன்றைக்கும் மிக்சி போடுவதற்கு முன் கையைத் துடைத்து, செருப்பு மாட்டிக்கொண்டுதான் சுவிட்ச் பக்கம் போகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஓடி வந்தவர்களில் பெரியப்பா முந்திக்கொண்டார். "யாரும் தொடாதீங்க. ஒடம்புல கரண்ட் நின்னுகினு கீது."

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வர வேண்டும். அதுவரைக்கும் ஊர் வைத்தியம். சேற்றில் கழுத்துவரை புதைத்தால் கரண்ட் மண்ணில் இறங்கிவிடுமாம். தொடாமல் எப்படிப் புதைப்பது? காய்ந்த கழியால் என்னை உருட்டிக்கொண்டுபோய் நாற்றங்கால் ஓரத்துப் பள்ளத்தில் தள்ளி, மண்வெட்டியால் சேற்றை வாரிப் போட்டார்கள்.

தவளை ஒன்று என் தலை மேல் ஏறி உட்கார்ந்து, சாவகாசமாக இறங்கிப் போயிற்று. அது சாகவில்லை என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எல்லாரும் எட்டியே நின்றார்கள். தினமும் செம்பைத் தட்டிய அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார், கிட்டே வரவில்லை. ஷாக் அடித்த பயம் எனக்கு எப்போதோ போய்விட்டது. இனி ஒருத்தரும் என்னைத் தொடவே மாட்டார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. வாய்விட்டு அழுதேன்.

வீட்டிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "கிட்ட போவாத, கரண்ட் இன்னும் எறங்கல" என்று பெரியப்பா கழியை நீட்டி மறித்தார்.

"இருந்தா இருக்கட்டும். போறதுன்னா ரெண்டு பேரும் போறோம்" என்றாள் அம்மா. கழியைத் தள்ளிவிட்டு, புடவையோடு சேற்றில் உட்கார்ந்து, என் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"பாருங்க, அவளுக்கும் ஏறிட்ச்சி" என்றார் பெரியப்பா. கூட்டம் இன்னும் பின்னால் நகர்ந்தது. அம்மாவும் அதை நம்பினாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பஸ் ஹாரன் கேட்கும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை.