ஒரு தொன்னை சாம்பார் சாதத்துக்கு ஆறு டேக்

இன்று காலை திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு ஷூட்டிங். புகழுக்காகச் சினிமா உலகம் மனிதனை எப்படித் தின்கிறது என்று கிழித்துக் காட்டும் படமாம். அந்த மாதிரிப் படம் ஆயிரம் பார்த்தவன் நான், எனக்கேவா?

காட்சி இதுதான். கேமராவில் முகம் விழுவதற்காக ஹீரோ அன்னதானம் செய்கிறார். வாங்குபவர் மட்டும் நிஜ சாமியார், அந்தப் பாதையிலேயே கிடப்பவர்.

அவர் தொன்னையை வாயருகே கொண்டுபோனதும் டைரக்டர் கத்தினார். "சாப்பிடாதீங்க சாமி! கன்டினியுட்டி போயிடும்! அடுத்த டேக்குலயும் தொன்னை நெறஞ்சே இருக்கணும்!"

ஆறு டேக். ஆறு முறையும் தொன்னையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குள் பக்கத்தில் நடந்த உண்மையான அன்னதானம் முடிந்து அண்டாவையே கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

சாமியார் மெல்லக் கேட்டார். "நேத்து மதியம் சாப்ட்டதுப்பா. இப்பவாவது ஒரு வாய் துன்னட்டா?"

"இன்னும் ஒரே ஷாட் சாமி" என்றார் டைரக்டர்.

நான் சும்மா இருப்பேனா? போட்ட சத்தத்தில் மலைக் குரங்கெல்லாம் செங்கம் ரோடு வரை ஓடியது.

"குடுத்த சோத்தைக் கையிலேர்ந்து புடுங்கற பழக்கம் இந்த மலையைச் சுத்தி எங்கியும் கெடையாது தம்பி!"

"சார், சினிமாக்காரங்க எவ்ளோ மோசம்னு சொல்ற படம் சார் இது."

"அதான் நேர்லயே பாத்துட்டனே, டிக்கெட் எதுக்கு?"

சாமியாரை டிஃபன் கடைக்கு அழைத்துப் போனேன். பன்னிரண்டு இட்லி சாப்பிட்டார், சத்தியமாக.

படம் விருது வாங்குமாம். கை தட்டப் போகிறவர்கள் கீழே கமெண்டில் பெயரைப் போடுங்கள், பார்த்து வைத்துக்கொள்கிறேன்.