வெந்நீர்ப் பையின் மூடி

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், சிவப்பு ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று எட்டு வருஷமாகத் தொங்குகிறது. அது எங்களுடையது இல்லை. ஓர் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து, சாட்சி என்று சொல்லி நான் தூக்கிக்கொண்டு வந்தது. அங்கே என் அத்தானைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரைப் பற்றி எழுத எத்தனையோ நாள் உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போயிருக்கிறேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. முதல் எரிச்சல் அதில்தான். நெஞ்சில் பெயர் அட்டை குத்தியிருந்தாள். எதிரே நின்று அவ்வளவு பேசியவன் ஒரு தடவை படித்திருக்கலாம்.

அத்தான், என் அக்காவின் மாப்பிள்ளை, சங்கு குளிக்கிறவர். இப்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவதில்லை. படகில் என்ஜினோடு ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான டியூப் வழியாகக் கீழே காற்றுப் போகும். டியூப்பை வாயில் கவ்விக்கொண்டு அவர் இறங்குவார், நான் மேலே நின்று கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வேன். "ஏலே, என் மூச்சு இப்ப ஒன் கையிலதாம்ல இருக்கு. பராக்குப் பாத்துட்டு நிக்காத" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அது கேலியா கட்டளையா என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு டியூப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். கீழிருந்து பதில் இழுப்பு இல்லை. மேலே தூக்கிப் போட்டபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. என்ஜின் புகை காற்றோடு கலந்து உள்ளே போயிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வந்து அத்தானைப் புரட்டிப் படுக்க வைப்பாள். "அண்ணாச்சி, இப்ப இடப் பக்கமா சாய்க்கப் போறேன். கால் முட்டை மடக்குதேன்" என்று, நினைவில்லாத மனுஷனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். கேக்காத ஆள்கிட்ட என்ன பேச்சு என்று நான் கேட்டதற்கு, "கேக்கலன்னு அவரு ஒங்ககிட்ட சொன்னாராக்கும்" என்றாள். அழுதுகொண்டிருந்த அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் துணி மாற்றும்போது பார்த்தோம். இடுப்பு, குதிகால், முழங்கை, இரண்டு முழங்கால்களின் உள்பக்கம் எல்லாம் கொப்புளம். கொதிக்கிற தண்ணீர் பட்டால் எப்படிப் பொங்குமோ அப்படி, நீர் கட்டி நின்றது. அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சன்னல் திட்டில் இந்தச் சிவப்புப் பை கிடந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நினைவில்லாத ஆளைச் சுட்டுப் போட்டுவிட்டாள் என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. "அண்ணே, நான் சூடு எதுவும் வைக்கல. ரெண்டு முட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுத எடத்துல வந்திருக்கு பாருங்க, அந்த இடுக்குல பையை எப்படி வைக்க? மூடியத் திறந்து பாருங்க, உள்ள பொட்டுத் தண்ணி இருக்கான்னு."

நான் திறக்கவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கும் கத்தினேன். கூட்டம் கூடியது. ஆஸ்பத்திரி ஆபீஸ்காரர்களுக்குச் சத்தம் அடங்கினால் சரி. காண்ட்ராக்டில் இருந்த பிள்ளை. மத்தியானத்துக்குள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி, நான் போயிட்டு வாரேன்" என்று அத்தானிடம் சொன்னாள். பிறகு அக்காவைப் பார்த்து, கொப்புளத்தை மட்டும் யாரும் குத்தி விட்டுராதீங்க என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். நினைவில்லாமல் கிடக்கிறவர்களுக்கு, அதுவும் இப்படிப் புகை குடித்தவர்களுக்கு, உடம்பு அழுந்துகிற இடங்களில் ஓரிரு நாளில் இந்த மாதிரி வருவதுண்டு, எவ்வளவு நல்லாப் பார்த்துக்கொண்டாலும் வரலாம், யாரும் சுட்டதில்லை, தானாக ஆறிவிடும் என்றார். மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். அந்த சிஸ்டர் என்று நான் இழுத்தேன். அது ஆபீஸ் விஷயம் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆபீஸில் கேட்டால், "நீங்கதான சத்தம் போட்டீங்க" என்றார்கள். அது உண்மை என்பதால் இன்னும் எரிச்சல். பிறகு ஒருநாள் எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் அரை நாள் நின்றேன். சிஸ்டர் என்று மட்டும் சொல்லி யாரிடம் விசாரிப்பது?

ஆறாம் நாள் அத்தான் கண் விழித்தார். பதினைந்து நாளில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. பேச்சு நிதானத்துக்கு வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏலே, காத்து திரும்புச்சோ?"

"தெரியல அத்தான்" என்றேன்.

தெரியும். காற்று திரும்பியதைப் பார்த்தேன். என்ஜின் புகை கம்ப்ரசர் காற்றை இழுக்கிற பக்கமாகச் சாய்ந்ததையும் பார்த்தேன். அவர் ஏறி வரட்டும், அப்புறம் காற்று இழுக்கிற வாயை மாற்றி வைக்கலாம் என்று நின்றேன். வார்டில் என் தொண்டை கிழிந்ததெல்லாம் அதற்குத்தான். அத்தான் மறுபடி கேட்கவில்லை. கடலுக்கும் போகவில்லை; உப்புக் குடோன் ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கிறார்.

போன வாரம் என் மனைவிக்கு முட்டு வலி. ஆணியிலிருந்து பையை எடுக்கப் போனாள். அதைத் தொடாதே என்று அதட்டிவிட்டு, மெடிக்கலில் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். "ஒண்ணு சும்மா தொங்கும்போது இது எதுக்கு? ஒங்களுக்கு என்னமோ ஆயிப் போச்சு" என்றாள். புதுப் பையின் மூடியைத் திருகி உள்ளே விரல் விட்டேன். ரப்பர் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற வெள்ளைப் பவுடர் விரலில் ஒட்டியது.

சிஸ்டரை அனுப்பிய அன்று சாயங்காலம், வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பையையும் இதே மாதிரி திறந்து பார்த்தேன். பொட்டுத் தண்ணீர் பட்ட தடம் இல்லை. விரலில் இதே பவுடர். டாக்டர் வந்து சொன்னது மறுநாள். ஆஸ்பத்திரி ஆபீஸ் அப்போது திறந்துதான் இருந்தது. நான் மூடியை இறுகத் திருகி, பையை ஆணியில் மாட்டினேன்.