எல்ம் மரத்துக்குத் தோண்டிய குழி

பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தியபோது, கொல்லைப்பக்கம் கடப்பாரை கல்லில் மோதும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். போர் மோட்டாருக்குப் பக்கத்தில் கொழுந்தனார் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார். குழியோரத்தில், அவர் ஒன்பது வருடமாகத் தட்டில் வைத்து வளர்த்த சீன எல்ம் மரம், வேரில் ஈரச்சாக்கு சுற்றிப் படுத்துக் கிடந்தது. ஒன்றரை அடி உயர மரம். கிளைகளை வளைத்துப் பிடித்திருந்த கம்பிகளையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி எடுத்திருந்தார்.

கொழுந்தனார் என் கணவரின் தம்பி. சிங்கப்பூரில் சாலையோர மரங்களைக் கிளை வெட்டிக் கவாத்து செய்கிற வேலையில் சில வருடங்கள் இருந்தவர். அங்கே அவருடைய சூப்பர்வைசர், வயதான ஒரு சீனர், தன் அடுக்குமாடி வீட்டு நடையில் போன்சாய்க் குட்டை மரங்கள் வளர்த்ததைப் பார்த்து இவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியவர் கடை வைப்பார், கார் வாங்குவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, பெங்களூரில் ஒரு நர்சரியில் பென்சில் கனத்துக்கு ஓர் எல்ம் கன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரான குளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அடுத்த மாதம் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். அந்த வீட்டில் எனக்கும் அந்த மரத்துக்கும் ஒரே வயது.

கடலைக் கொல்லையில் வயல்வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் காலையில் மரத்தின் முன்னால் குத்தவைத்து உட்காருவார். இலந்தை இலையைவிடச் சிறிய இலை, ஓரமெல்லாம் ரம்பப்பல். ஒரு கொம்பு ஆறேழு இலை விடும்வரை கை வைக்காமல் காத்திருந்து, பிறகு இரண்டு இலையை மட்டும் விட்டு நறுக்குவார். கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை போகுமாம். அதற்காக ஓர் இலையையே அவர் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்கிறவரிடம் சொல்லி, அடியில் ஓட்டை வைத்த ஆழமில்லாத தட்டு செய்து வாங்கினார். செம்மண்ணோடு செங்கல் உடைத்த பொடியைச் சலித்துச் சேர்ப்பார். கோடையில் தட்டு காய்ந்துவிடும் என்று வயலிலிருந்து மதியம் ஒரு நடை வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். நானும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச்சு குறைவுதான். அந்த வீட்டில் எனக்கு முதலில் பழகிய ஆள் அவர்தான்.

எனக்குக் குழந்தை இல்லை. ஏழாவது வருடம் கறம்பக்குடியிலிருந்து விசேஷத்துக்கு வந்த என் கணவரின் சித்தி அந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "வளர வேண்டிய மரத்த வளரவிடாம வெட்டி வெட்டி வச்சிருக்கீக. அப்புறம் வீட்டுல வம்சம் எப்புடி வளரும்?" என்றார். அன்றிலிருந்து அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்தப் பேச்சு நெஞ்சில் தங்கிவிட்டது. என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னவரில்லை. ஆனால் கத்திரிச் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார். போகப்போக வீட்டுக்கு வருகிறவர்களும் மரத்தைக் காட்டிப் பேசத் தொடங்கினார்கள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சித்தி வந்துபோன சில வாரங்களிலேயே திருச்சியில் டாக்டர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். குறை என் கணவர் பக்கம். இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அப்போது அவர் வெளியே சொல்ல வேண்டாம் என்றார்; நானும் சரி என்றேன். ஊரார் பேச்சு என் மேல் விழாமல் மரத்தின் மேல் விழுந்ததில் உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டு வருடம் அந்த மரம் எங்களுக்காகப் பழி சுமந்தது. கொழுந்தனாரும் சுமந்தார்.

அன்று அவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கடப்பாரையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தரையில வச்சுட்டா அது பாட்டுக்கு வளரும் அண்ணி. யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்கேதான் தோணுச்சு."

ஒன்பது வருட வேலை. தரையில் வைத்தால் இரண்டு மழையில் கொம்புகள் காடாகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? நான் குழியோரத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "மரத்தால இல்ல தம்பி. டாக்டர் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எங்களுக்கு முடியாதுன்னு சொல்லிட்டாரு. நாங்கதான் சொல்லலை."

யாருக்குக் குறை என்று அவர் கேட்கவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு, சாக்கைப் பிரித்து, முறிந்த வேர்களை மட்டும் கத்தரித்துவிட்டு, மரத்தைத் திரும்பத் தட்டில் வைத்து மண் அணைத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

ராத்திரி என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நேரே அத்தையிடம் போனார். "கொறை எனக்குத்தான்மா. இனிமே யாரும் அந்த மரத்தப் பேச வேண்டாம்" என்றது எனக்கு அடுப்படிவரை கேட்டது. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மரம் ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. வேர் அலைக்கழிந்துவிட்டது, பங்குனி வெயில் வேறு. கொழுந்தனார் அதை நிழலுக்கு நகர்த்தினார். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்து, "உள்ள பச்ச இருக்கு" என்பார், தனக்குத்தானே சொல்வதுபோல. நான் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பேன். மூன்று வாரம் வெறும் குச்சி. ஒருநாள் காலையில் அத்தை கொல்லைப்பக்கமிருந்து கூப்பிட்டார்: "ஏத்தா, இங்கிட்டு வந்து பாரு. கடுகு மாதிரி என்னமோ பச்சையா தெரியுது."

அத்தை அந்த மரத்தின் பக்கத்தில் போய் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கொழுந்தனார் இப்போது குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறார். ஒரு நர்சரியில் போன்சாய்ப் பகுதி அவர் பொறுப்பு. மரத்தை என்னிடம் விட்டுப் போனார். முதல் வருடம் ஒவ்வொரு கொம்புக்கும் வீடியோ கால் போட்டுக் கேட்டுத்தான் வெட்டினேன். இப்போது கேட்பதில்லை. போன பொங்கலுக்கு வந்தவர், நான் அடியோடு எடுத்துவிட்ட ஒரு கிளையின் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "நானா இருந்தா இத வெட்டியிருக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆறு வருடமாகச் சொல்ல நினைத்ததை அப்போது சொன்னேன். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் தம்பி. ஒங்களக் குழி தோண்டுற வரைக்கும் விட்டுட்டேன்."

அவர் மரத்தின் அடியில் முளைத்திருந்த ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தார்.

"சொல்லக்கூடிய விசயமா அண்ணி அது? தட்ட அங்கிட்டு அரைச் சுத்து திருப்புங்க. அந்தப் பக்கம் வெயிலே படலை."

திருப்பி வைத்தேன்.