வெயிலுக்கு அனுதாபம்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு மார்கரெட் வேலியோரம் நின்று, "மூன்று வாரமாக மழையே இல்லை!" என்றார். "ஐயோ, ஸாரி" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவரின் முகம் சுருங்கிப்போனது. வெயிலுக்காக யாராவது அனுதாபம் சொல்வார்களா? இலங்கை மலையகத்தில், எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஒரு வருடம் காற்று மட்டும் வீசி, மழை வராமலே போனது. கொழுந்து கருகியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி பாதிப் பேரை, "இன்னைக்கு வேல இல்ல" என்று திருப்பி அனுப்புவார். அம்மா நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளி தோண்டினார். அதுவும் தீர்ந்த பிறகு வெறும் பிளேன்டீ குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். உலகத்துக்கே தேயிலை அனுப்பிய மலையில் எங்கள் வயிற்றுக்குக் கிடைத்ததும் தேயிலைதான்.

அண்ணனுக்கு அன்றே தோட்டத்தின் மேல் நம்பிக்கை விட்டுப்போனது. "தேயிலையத் திங்க முடியுமா?" என்பான். பெரியவனானதும் வெலிமடையில் குத்தகைக்கு நிலம் பிடித்து உருளைக்கிழங்கு போட்டான். நான் கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு பெரிய கடையில் காய்கறி அடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கே ஒருநாள், பூமி சூடாவதால் பேரப்பிள்ளைகள் காலத்தில் உணவுப் பஞ்சம் வரலாம் என்று ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். "நல்லவேளை, அப்போது நாம் இருக்க மாட்டோம்" என்றாள் உடன் வேலை செய்யும் லிண்டா. எனக்கோ அது தபாலில் தாமதித்து வந்த பழைய கடிதம் போலிருந்தது.

அந்தக் கோடையில் அண்ணன் போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: ஓடை வற்றிவிட்டது, கிழங்கு சரியாகப் பிடிக்கவில்லை. ஒருநாள், "தங்கச்சி, மழ வந்துருச்சு!" என்று கத்தினான். மறுநாள் கேக் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"பிறந்தநாளா?" என்றாள் லிண்டா.

"இல்லை, எங்கள் ஊரில் மழை."

"எங்களுடையதையும் எடுத்துக்கொண்டு போ, சும்மாவே தருகிறோம்" என்று சிரித்தபடி இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "மழ நிக்கவே இல்ல. கெழங்கெல்லாம் அழுகிப்போச்சு. மேட்டு மண்ணு சரிஞ்சு பாத்தியையே மூடிருச்சு."

"சாப்பாட்டுக்கு என்னண்ணே பண்றீங்க?"

"கடையில இந்தியாக் கெழங்கு இருக்கு. அதத்தான் வாங்கி அவிக்கிறோம்" என்றான். சிரிக்க முயன்று முடியாமல் போனை வைத்தான்.

மறுநாள் கடையில் உருளைக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி பையிலிருந்து ஒன்றை விரல் நுனியால் எடுத்து நீட்டினார். "இதில் மண் ஒட்டியிருக்கிறதே." மன்னிப்புக் கேட்டு, கழுவிய கிழங்குப் பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் போனதும், திருப்பித் தந்த கிழங்கை முகர்ந்து பார்த்தேன். வெலிமடை மண்ணின் வாசம் இல்லை. ஆனாலும் கையைக் கழுவ மனம் வரவில்லை.