ஆணி நக்கும் துளசிங்கம்

ஓர் ஆணியை நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "கரிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆணிக்குப் போகிறான் துளசிங்கம். கோட்டைக் கூடத்து ஆணிமேசையின்மேல் குப்புறக் கிடக்கிறான். கால் இரண்டும் தரையில் இல்லை. சமையற்கட்டில் வாழையிலைக் கட்டை இறக்கிவிட்டு அந்த வழியாகத் திரும்புகிற என்னைப்போன்றவர்களுக்கு, யாரோ மேசையைத் தின்றுகொண்டிருப்பதுபோலத்தான் தெரியும்.

"துணியால துடைச்சாப் போதாதா? எச்சில் பண்றியேப்பா" என்றேன்.

"கடக்காத்துல படிஞ்ச உப்பு போச்சா இல்லையானு துணிக்கு இன்னா தெரியும் அண்ணாத்தே? நாக்குக்குத்தான் தெரியும்."

ஆணிமேசை என்பது ஒல்லாந்து துரைமார் கப்பலில் கொண்டுவந்த விளையாட்டுச் சாமான். சாய்வான பலகை, பலகை முழுக்கப் பித்தளை ஆணி, நடுநடுவே குழிகள், உச்சிக் குழிக்குமேல் ஒரு குட்டி மணி. வலது ஓரத்தில் சாண் நீளத்துக்கு ஒரு தண்டு. அதன் நுனியில் பித்தளைக் குமிழ், உடம்பைச் சுற்றி எஃகுச் சுருள். மூன்றும் சேர்ந்து ஒரே உருப்படி, கழற்றி மாட்டலாம். குமிழை இழுத்து விட்டால் சுருள் துள்ளித் தந்தக் குண்டை மேலே அடிக்கும். அது ஆணி ஆணியாக முட்டிக்கொண்டு இறங்கி ஏதோ ஒரு குழியில் விழும். இதற்கு அவர்கள் போடுகிற கூச்சலில் நம் ஊர்ச் சேவற்சண்டை தோற்றுப்போகும். பெரிய துரை ஒவ்வொரு தடவையும் குமிழுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் இழுப்பார். அதிர்ஷ்டமாம். அவர் வீட்டு அம்மாளுக்கு இத்தனை கிடைத்திருக்குமா என்பது அவர் கும்பிடும் ஆண்டவருக்கே வெளிச்சம்.

துளசிங்கம் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. அவன் நைனா கடலில் பேர்போன ஆள். இவனுக்கோ கட்டுமரத்தில் கால் வைத்தால் குடலே வெளியே வந்துவிடும். "துளசிங்கத்தக் கூட்டிகினு போனா இரையே வாணாம், மீனு தானா வரும்" என்று குப்பமே சிரிக்கும். மீன் விற்கிற அவன் பெண்சாதி முனியம்மா இன்னும் ஒரு படி மேலே. "மீனுகூடக் கடல்ல வாந்தி எடுக்காது. எனுக்கு வாச்சது எடுக்கும்" என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டை வாசலிலேயே சொல்வாள். அவனுக்கு ரோசம் வராது. "தரையில பொழைக்கத் தெரியாதவன்தான் தண்ணிக்குப் போவான்" என்பான். இந்த மேசையைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கும்வரைக்கும்தான் அவனுக்குத் தரை.

வேலை செய்கிற கை மட்டும் வலைக்காரன் கை. வலையில் கிழிசல் தேடுகிற மாதிரி, கண்ணை மூடி ஆணி வரிசையில் விரலை ஓட்டுவான். ஆடுகிற ஆணியின் அடியில் வலைநூலைச் சுற்றி இறுக்குவான். பச்சை பிடித்த பித்தளைக்குப் புளி, துருப்பிடித்த தண்டுக்குச் சொரசொரப்பான திருக்கைமீன் தோல். மணியை மட்டும் வாயால் ஊதுவான், ஊதிவிட்டுக் கும்பிடுவான். "மணினு கீதுன்னா சாமியும் பக்கத்துலதான் கீது."

மார்கழியில்தான் வினை வந்தது. வாடைக்காற்றில் சுருளுக்குப் போட்ட தேங்காயெண்ணெய் நெய்யாக உறைந்துவிட்டது. பெரிய துரை இழுத்து விட்ட குண்டு பாதி வழி போய், யோசித்து, திரும்பி வந்தது. துரை முறைத்தார். மறுநாள் துளசிங்கம் மரக்கலத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைச் சுருளில் ஊற்றினான். அது எந்தக் குளிரிலும் உறையாது. குண்டு பறந்தது. துளசிங்கமும் பறந்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பாதிரியாரும் துரையும் ஆட உட்கார்ந்தபோது, கருவாட்டுக் களத்துப் பூனை ஒன்று வாசனை பிடித்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பாதிரியாரின் குண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பூனை மேசைமேல் குதித்து ஒரு தட்டுத் தட்டியது. குண்டு நேராக உச்சிக் குழிக்குப் போய் மணி அடித்தது. ஆண்டவன் செயல் என்றார் பாதிரியார். துரை மூக்கைப் பொத்திக்கொண்டு பூனையைப் பார்த்தார், சுருளை மோந்தார், அப்புறம் துளசிங்கத்தைப் பார்த்தார்.

துபாஷி அபூபக்கர் வந்து சேதி சொன்னார். "இன்னொரு வாட்டி மீன் நாத்தம் வந்தாலும் சரி, சுருள் மக்கர் பண்ணாலும் சரி, கப்பலுக்குக் கடுதாசி எடுத்துகினு போற கட்டுமரத்துல உன்னை ஏத்திடுவாங்களாம்."

"நாத்தமும் வரக்கூடாது, சுருளும் துள்ளணுமா? இந்தக் குளிருல ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்னு சொல்லு பாய்."

"அப்பவே சொன்னேன். ரெண்டும் நடக்கணுமாம்."

முனியம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை. "எலுமிச்சம்பழம் முடிஞ்சு வெச்சிகீறேன்யா, கட்டுமரத்துல குமட்டுனா வாயில அடக்கிக்கோ" என்றாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அடுத்த வாரம் இலைக்கட்டோடு போனேன். வாடை எலும்பைக் குடைந்தது. மேசை பளபளவென்று இருந்தது. ஆனால் வலது ஓரத்தில் தண்டு இருந்த இடம் வெறும் ஓட்டை. துளசிங்கம் சுவரோரமாகக் கால்களை ஒட்டி வைத்து, நடக்கப் பயந்தவன் மாதிரி நின்றான்.

"தண்டு எங்கேப்பா?"

"பத்திரமா கீது அண்ணாத்தே. சூடா கீது."

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெதான். உறையாது."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துளசிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பி, கோவணத்துக்குள் கைவிட்டு, சுருளும் குமிழுமாகத் தண்டை வெளியே இழுத்தான். எண்ணெய் தண்ணீராக மின்னியது. ஓட்டையில் செருகி ஒரு தடவை இழுத்து விட்டான். டக்கென்று அடித்தது. துடைக்க நேரமில்லை. துரை வந்துவிட்டார்.

மேசையை மோந்தார். மீன் வாசனை இல்லை. முகம் மலர்ந்தது. குனிந்து குமிழுக்கு முத்தம் கொடுத்தார். இந்தக் குளிரில் அது வெதுவெதுப்பாக இருந்தது பிடித்துவிட்டதோ என்னவோ, கண்ணை மூடி இன்னொன்றும் கொடுத்தார்.

துளசிங்கம் உச்சிக் குழியின் மணியைப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டான்.