நடுத்திட்டில் முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரு நாள்

அன்று காலை ஆறரை மணிக்கு வழக்கமான செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. "மூணும் பச்சை. எறக்கலாம்." எங்கள் அலுவலகக் கணினி தானாக அனுப்பும் செய்தி அது. அந்த வாசகத்தை எழுதி வைத்தவர் முனிரத்தினம் அண்ணன். நான் பழவேற்காட்டுக்குப் போகும் படகில் ஏறி உட்கார்ந்தேன். பாதி ஏரியில் இன்னொரு அழைப்பு வந்தது. அண்ணனின் மனைவி சாவித்திரி அண்ணி.

"வளரு, உங்க அண்ணன் எய்ந்திருக்கலம்மா."

இன்று வேலைக்கு வரத் தாமதமாகும் என்பதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "சரி அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றேன். அண்ணி, "டாக்டர் வந்து பாத்துட்டு போய்ட்டாரும்மா" என்றார். அப்போதுதான் புரிந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

எங்கள் மீனவர் சங்கம் வெளியிடும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி தலைவர் என்னைக் கேட்டார். அண்ணனோடு ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தவள் நான்தான். ஊரில் பலருக்கு அவரைக் 'கம்ப்யூட்டர்காரர்' என்று மட்டும் தெரியும். அவர் என்ன வேலை செய்தார் என்பதை அவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயல்கிறேன்.

அவர் எளாவூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் பத்து வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்தார். பழவேற்காடு கடைத்தெருவில் ஐஸ் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தார். மீனவர் சங்கங்களுக்குத் தேவையான மென்பொருள்களை அங்கே எழுதத் தொடங்கினார். எங்கள் தெருவில் கல்லூரி முடித்த முதல் பெண் நான். வேலை கேட்டுப் போனபோது என் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையாட்டினேன். "சரி, எழுதிக் காட்டும்மா" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். எழுதிக் காட்டினேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

எங்களுக்கிடையே இரண்டு நாற்காலி தூரம்தான். ஆனாலும் முதல் சில வருடங்கள் எனக்குச் சந்தேகம் வந்தால் கணினியில் செய்தியாகத்தான் அனுப்புவேன். அவரும் திரும்பிப் பார்க்காமல் செய்தியாகவே பதில் அனுப்புவார். ஒருமுறை மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "பேசணும்னு கட்டாயம் இல்ல வளரு. ஆனா மெஷின்ல இன்னா போட்டியோ அத்த மட்டும் எழுதி வச்சுடு." அந்த ஒன்றைத்தான் நான் செய்யாமல் விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் செய்த மென்பொருள் 'பாடு' முறைக்கானது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் சிலதான். அங்கே யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பதைத்தான் பாடு என்கிறோம். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் பெயர் வரிசை போட்டு நோட்டில் எழுதி வைப்பார்கள். அமாவாசையன்று யாரும் வலை கட்டுவதில்லை. மறுநாள் வரிசை முதல் பெயரிலிருந்து மறுபடி தொடங்கும். நடுத்திட்டு என்ற இடம்தான் எல்லாவற்றிலும் நல்லது. அங்கே ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு நாள்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் அண்ணனுக்கு விளக்கியது நான். அவர் நிலத்தில் வளர்ந்தவர், நீச்சல் தெரியாதவர். நடுத்திட்டைக் காட்ட என் நைனா அவரைப் படகில் அழைத்துப் போனபோது இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டே போய், பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது நைனா, "இன்னா சார், பலகைய வூட்டுக்கு எடுத்துக்கினு போறியா?" என்று கேட்டார். அண்ணனும் சிரித்தார். ஆனால் கரையில் கால் பட்ட பிறகுதான் சிரித்தார்.

சங்க அலுவலகத்தில் இருந்தது பழைய விண்டோஸ் கணினி. மீன் ஏலக்கூடத்தில் இருந்தது லினக்ஸ் போட்ட மடிக்கணினி. இந்த வேலைக்குப் பண உதவி செய்த அறக்கட்டளைக்காரர்கள் சென்னையில் மேக் வைத்திருந்தார்கள். மூன்றிலும் ஒரே பட்டியல் வரவேண்டும். ஒரு மென்பொருள் தனியாக ஓடாது. மற்றவர்கள் எழுதிய பல சின்னச் சின்னப் பேக்கேஜ்களை அதனோடு சேர்க்க வேண்டும். அமாவாசை கணக்கிடுவதற்கே ஒரு தனிப் பேக்கேஜ். ஆரம்பத்தில் இவற்றையெல்லாம் கையாலேயே நிறுவி, விண்டோஸுக்கும் மேக்குக்கும் அவர் கணினியிலும் லினக்ஸுக்கு என் மடிக்கணினியிலும் தயாரித்து அனுப்புவோம். அந்தத் தயாரிப்பைத்தான் பில்ட் என்போம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இறால் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், நடுத்திட்டுக்கு இரண்டு படகுகள் வலையோடு போய்ச் சேர்ந்தன. ஒன்று எங்கள் ஊர்க் கோவிந்தன் மாமாவுடையது. இன்னொன்று என் நைனாவுடையது. சங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் அன்று கோவிந்தன் மாமா பெயர். ஏலக்கூடத்துத் தாளில் நைனா பெயர். இருவரும் அவரவர் தாளைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். நைனா வலையை முதலில் இறக்கிவிட்டார். அதன் மேலேயே மாமாவும் இறக்கினார். இழுபறியில் மாமாவின் வலை கிழிந்தது. அந்த மாதத்துப் பாடும் அவருக்கு இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் ஊர்க்கூட்டம் நடந்தது. நான் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தேன்.

"பொண்ணு கம்ப்யூட்டர்ல, அப்பன் ஏரியில. நல்லாத்தான் கீது கணக்கு!" என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். நைனா தலையைத் தூக்கவில்லை.

கோவிந்தன் மாமா எழுந்து, "நோட்டுல எழுதி வச்ச வரைக்கும் ஒரு சண்டை வந்துச்சா? பொட்டிய மூடுங்கப்பா" என்றார்.

முனிரத்தினம் அண்ணன் நடுவில் வந்து நின்றார். "பட்டியல அனுப்புனது நானு. தப்பு என் ரூம்ல நடந்துச்சு. யாரையும் பேசாதீங்க, என் பேரச் சொல்லி என்னைக் கேளுங்க. ஒரு மாசம் குடுங்க. அதுவரைக்கும் நோட்டையே வச்சுக்கங்க" என்றார்.

நைனாவின் அடுத்த பாட்டை மாமாவுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் அந்தப் பேச்சு ஊரில் அடங்கவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும்.

நடந்தது இதுதான். பிரச்சினைக்கு ஒரு வாரம் முன்பு என் மடிக்கணினியில் ஒரு பேக்கேஜ் நிறுவ முடியாமல் பிழை காட்டியது. அண்ணனிடம் கேட்கக் கூச்சம். இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு கட்டளையை ஓட்டினேன். பிழை போய்விட்டது. ஆனால் அந்தக் கட்டளை எல்லாப் பேக்கேஜையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டிருந்தது. அமாவாசைப் பேக்கேஜும் மாறிவிட்டது. அந்த மாதம் அமாவாசை புதன் பிற்பகலில் தொடங்கி வியாழன் வரை இருந்தது. பழைய பதிப்பு ஊர் வழக்கப்படி வியாழனை எடுத்துக்கொண்டது. புதியது புதனை எடுத்துக்கொண்டது. வரிசை ஒரு நாள் முந்திவிட்டது. முதல் பெயர் மாமா, இரண்டாவது நைனா; அதனால் ஏலக்கூடத்துத் தாளில் வெள்ளிக்கிழமை நைனாவுக்கு விழுந்தது. நான் எதை மாற்றினேன் என்று எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

ஊர்க்கூட்டத்துக்கு மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். அண்ணன் என்னை எதுவும் கேட்கவில்லை. யார் கணினி என்று கேட்கவே இல்லை. "இனிமே உன் மெஷின்ல, என் மெஷின்லன்னு பில்ட் கெடையாது வளரு. எந்த ஆளோட மெஷினும் கணக்குல வராது" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒரு மாதத்தில் அவர் செய்த வேலைதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜின் பெயரும் பதிப்பு எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டன. அதில் இல்லாத எதையும் சேர்க்க முடியாது. தினமும் காலையில் ஒன்றுமே நிறுவாத மூன்று வெற்றுக் கணினிகள் எங்கள் சர்வருக்குள் உருவாகும். விண்டோஸ், லினக்ஸ், மேக். அந்தக் கோப்பைப் பார்த்துத் தாமாகவே எல்லாவற்றையும் நிறுவி, மென்பொருளைத் தயாரித்து, சோதனைகளை ஓட்டி முடித்ததும் அழிந்துவிடும். சோதனை தேறினால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. மூன்றும் பச்சையாகாமல் ஊருக்கு எதுவும் போகாது. எங்கள் பக்கத்தில் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், எல்லாப் பேக்கேஜுக்கும் ஒரு பிரதியை அலுவலகத்திலேயே சேமித்து வைத்தார்.

சுலபமாக நடந்துவிடவில்லை. வெற்றுக் கணினியில் பச்சை காட்டிய விண்டோஸ் பதிப்பு, சங்கத்துக் கணினியில் திறக்கவே இல்லை. இரண்டு நாள் தேடினோம். அங்கே பயனர் பெயரைத் தமிழில் 'தலைவர்' என்று வைத்திருந்தார்கள். அந்தப் பெயருள்ள கோப்புறையை ஒரு பேக்கேஜுக்குப் படிக்கத் தெரியவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்றேன், செய்தியில்தான். "அவரு பேர ஏன் மாத்தணும்? நம்ம வெத்து மெஷினுக்கும் அதே பேர வையி. அங்க ஓடுனாத்தான் ஓடுனதா அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து மூன்று வெற்றுக் கணினிகளுக்கும் பயனர் பெயர் 'தலைவர்'தான். தலைவருக்கு இது இந்த மலரைப் படித்த பிறகுதான் தெரியவரும்.

சோதனைகளுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஊரின் பழைய பாடு நோட்டுகள். பதினோரு நோட்டுகளையும் நான் தட்டச்சு செய்தேன். "நோட்டு சொல்றதத்தான் மெஷினும் சொல்லணும். மாறுச்சுன்னா மெஷினு தப்பு" என்பார். கடைசியாக ஒரு சோதனை சேர்த்தார். எந்த நாளும் காலியாக இருக்கக் கூடாது. ஒரு பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமாவாசை என்று இருக்க வேண்டும். "காலியா ஒரு நாள் கெடந்தா அங்கதான் சண்டை வரும்" என்றார்.

மாதம் முடிந்ததும் சென்னையிலிருந்த மேக்கையும் வரவழைத்து, மூன்று கணினிகளையும் ஊர்க்கூட்டத்தில் வரிசையாக வைத்து, நோட்டைக் கோவிந்தன் மாமா கையில் கொடுத்தார். மாமா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். மூன்றும் நோட்டு சொன்னதையே சொல்லின. "சரி, ஓட்டு" என்றார் மாமா. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

அண்ணன் இறந்த பத்தாம் நாள் சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. எளாவூரிலிருந்து சாவித்திரி அண்ணியும் வந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசும்படி தலைவர் என்னைக் கூப்பிட்டார். எழுதி வைத்திருந்த தாளைப் படிக்கத்தான் எழுந்தேன். படிக்கவில்லை.

"அன்னிக்கி ஏலக்கூடத்துப் பட்டியல் தப்பானது என் லேப்டாப்பால. நான்தான் மாத்துனேன். தெரியாமத்தான் மாத்துனேன், ஆனா தெரிஞ்ச பெறகும் சொல்லல. நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணன் அவரு பேர்ல ஏத்துக்கிட்டாரு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

நைனா என்னைப் பார்த்தார். கோவிந்தன் மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கிழிஞ்ச வலைய அப்பவே தெச்சுட்டேன். ஒக்காரும்மா" என்றார். நைனாவின் பக்கம் திரும்பி, "அப்ப உம் மேலயும் பழி சொல்லிட்டேன்பா. மனசுல வச்சுக்காத" என்றார். நைனா தலையை மட்டும் அசைத்தார்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்குமா என்று அண்ணியிடம் பிறகு கேட்டேன். தன்னிடம் எதுவும் சொன்னதில்லை என்றார். ஆனால் என் மடிக்கணினியில் பதிப்பு எண்ணைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அண்ணனுக்காக வரும் வெள்ளிக்கிழமை ஒரு நாள் நடுத்திட்டில் யாரும் வலை கட்டுவதில்லை என்று அந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அன்றைய பாடு கோவிந்தன் மாமாவுடையது. அவரே விட்டுக் கொடுத்தார். அலுவலகத்துக்குப் போய் வெள்ளிக்கிழமையைக் காலியாக விட்டுப் பட்டியலை ஓட்டினேன். மூன்று விளக்கும் சிவப்பாயின. காலி நாள் கூடாது என்ற அவருடைய சோதனைதான். அதை ஒரு வரியில் நிறுத்திவிட எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. தலைவருக்குத் தொலைபேசியில் பேசினேன். செய்தி அனுப்பவில்லை, பேசினேன்.

"காலியா வுட்டா மெஷின் ஏத்துக்கல தலைவரே. ஒரு பேரு வேணும்."

எங்கள் பாடு வரிசையில் வெளியூர்க்காரர் பெயர் இதுவரை ஏறியதில்லை. அது ஊர் வைத்த விதி. தலைவர் பக்கத்தில் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு கோவிந்தன் மாமாவின் குரல் வந்தது: "அவரு பேரையே போடும்மா. நீச்சல் தெரியாத மனுசனுக்கு நடுத்திட்டு! பலகையப் பிடிச்சுக்கினு போவட்டும்."

போட்டேன். மூணும் பச்சை.

வெள்ளிக்கிழமை காலை படகில் நடுத்திட்டைக் கடந்தோம். கழிகள் மட்டும் நின்றன, வலை இல்லை. சங்கத்துச் சுவரிலும் ஏலக்கூடத்துச் சுவரிலும் ஒரே பெயர் ஒட்டியிருந்தது. படகோட்டி அங்கே மட்டும் மோட்டாரை நிறுத்தினார்.

இன்று உங்கள் பாடு அண்ணா. பார்த்துப் போய் வாருங்கள். எதை மாற்றினாலும் இனி எழுதி வைக்கிறேன்.