முன்னதாக வந்த அதிகாரி

நாடாளுமன்றக் குழு எங்கள் பீங்கான் தொழிற்கூடத்தை ஆய்வு செய்ய வருவதற்குப் பத்து நாள் முன்பு, நிகழ்ச்சி நிரல் தயாரிக்க ஓர் அதிகாரி விருத்தாசலத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர், எதையும் பென்சிலில்தான் குறிப்பார்.

“சார், தூசியால எங்க ஆளுங்க இருமிக்கிட்டே இருக்காங்க. அதக் குழுகிட்ட சொல்லணுங்க,” என்றேன்.

“சொல்லுங்க. வார லீவு என்னிக்கு?”

“வெள்ளிங்க.”

அதை மட்டும் பேனாவால் எழுதினார்.

நிரல் வந்தது. ஆய்வு வெள்ளிக்கிழமை.

“பாத்தீங்களாண்ணே, காலிக் கூடத்தக் காட்டப் பாக்குறாரு!” என்றாள் சூளையில் வேலை செய்யும் பெண்.

விடுமுறை என்றாலும் அன்று எல்லோரும் போய் நின்றோம். அதிகாரி முகத்தில் சலனமே இல்லை. இயந்திரங்கள் ஓடாததால் நாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும், இடையிடையே வந்த இருமலும், குழுவுக்குத் தெளிவாகக் கேட்டன. அதற்காகத்தான் வெள்ளியைத் தேர்ந்தாரா? என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.